40 பாதாம் தின்றும் தோள் ஏறவில்லை, தொப்பைதான் ஏறுகிறது!

திருப்பூரிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். வீட்டில் சுத்த சைவம். முட்டையும் கிடையாது, பால், தயிர் உண்டு. உயரம் 172 செ.மீ. 8 மாதமாக வாரம் 5 நாள் ஜிம் போகிறார். கடைசி 3 மாதமாகத் தினமும் 40 பாதாம், 3 மேசைக்கரண்டி பீநட் பட்டர், ஒரு கைப்பிடி முந்திரி, மாலையில் ஒரு கப் பச்சை முளைப்பயறு சாப்பிடுகிறார். எடை 62-லிருந்து 66 கிலோ ஆகியிருக்கிறது. ஆனால் புஜம் அளவு மாறவில்லை; பேன்ட்தான் இறுக்குகிறது. நடுவில் ஒரு நாள் ராஜ்மாவையும் முளைகட்டிப் பச்சையாகத் தின்று, இரண்டு மணி நேரத்தில் வாந்தியெடுத்துப் படுத்திருக்கிறார்.

“பாதாமிலும் 20 சதவீதம் புரதம், பருப்பிலும் 20 சதவீதம் புரதம். அப்புறம் ஏன் சதை போடவில்லை? சைவத்தில் பாடி ஏறாது, பவுடர் வாங்கு என்கிறார் ஜிம் மாஸ்டர். மீல்மேக்கர் சாப்பிட்டால் ஆண்களுக்கு மார்பு வந்துவிடும் என்கிறார் நண்பர். அப்பாவுக்குச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் கூடியிருக்கிறது. புரதம் அதிகம் சாப்பிட்டால் என் கிட்னியும் போய்விடுமா என்று அம்மா பயப்படுகிறார்.” கடிதத்தின் சாரம் இதுதான்.

அன்புள்ள வாசகருக்கு,

சாப்பிட்டதையெல்லாம் அளவோடு எழுதியனுப்பியதற்கு முதலில் நன்றி. “நல்லா சாப்பிடறேன் மேடம்” என்று மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வது கஷ்டம். உங்கள் கடிதத்தில் விடை பாதி உள்ளேயே இருக்கிறது.

நீங்கள் சொன்ன சதவீதம் சரிதான். 100 கிராம் பாதாமில் சுமார் 20 கிராம் புரதம், காய்ந்த கொண்டைக்கடலையிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் மீதி 80 கிராமில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதாமில் பாதிக்கு மேல் போகும் பங்கு எண்ணெய். கடலையில் பெரும்பகுதி மாவுச்சத்தும் நார்ச்சத்தும். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவும் புரதமும் 4 கலோரி. அதனால் ஒரே அளவு புரதத்துக்கு நீங்கள் கொடுக்கும் கலோரி விலை பொருளுக்குப் பொருள் மாறுகிறது.

25 கிராம் புரதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பாதாமில் எடுத்தால் கிட்டத்தட்ட 100 பருப்பு தின்ன வேண்டும், 700 கலோரிக்கு மேல். வறுத்த வேர்க்கடலை என்றால் 100 கிராம், சுமார் 560 கலோரி. கொண்டைக்கடலை என்றால் காய்ந்த எடையில் 125 கிராம், 450 கலோரிக்குப் பக்கம். பொட்டுக்கடலை 110 கிராம், 400 சொச்சம். மீல்மேக்கர் வெறும் 50 கிராம், 175 கலோரிகூட வராது. பாதாம் நல்ல பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் அதை எண்ணெய் வித்து என்று நினைத்து அளக்க வேண்டும், பருப்பு என்று நினைத்து அல்ல.

இப்போது உங்கள் கணக்கு. 40 பாதாம் 280 கலோரி, 10 கிராம் புரதம். 3 மேசைக்கரண்டி பீநட் பட்டர் 285 கலோரி, 12 கிராம். 30 கிராம் முந்திரி 170 கலோரி, 5 கிராம் சொச்சம். ஆக, 27 கிராம் புரதத்துக்காகத் தினமும் 735 கலோரி கூடுதலாக உள்ளே போகிறது. இரவுச் சாப்பாட்டைக் குறைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் 4 கிலோவோடு நின்றிருக்கிறது.

நோட்டில் 103, வயிற்றில் 77

ஒரு நாளைக்கு 103 கிராம் புரதம் வருவதாக எழுதியிருந்தீர்கள். நான் கூட்டிப் பார்த்தால் 77-தான் வருகிறது. இரண்டு இடத்தில் வழுக்கியிருக்கிறீர்கள், இரண்டுமே எல்லோரும் வழுக்கும் இடம்.

முதலாவது முளைப்பயறு. 100 கிராமுக்கு 24 கிராம் என்று போட்டிருக்கிறீர்கள். அது காய்ந்த பயறின் கணக்கு. ஊறி முளைத்த பயறில் பாதிக்கு மேல் தண்ணீர். உங்கள் ஒரு கப்பில் இருப்பது 40 கிராம் காய்ந்த பயறுதான். புரதம் 9 கிராம். முளைகட்டினால் புரதம் இரட்டிப்பாகும் என்பது வெறும் பேச்சு. விதையில் இருந்த புரதமே முளையிலும் இருக்கும், வானத்திலிருந்து புதிதாக வராது. வைட்டமின் சி கூடும், செரிமானம் கொஞ்சம் எளிதாகும், அவ்வளவே. வேகவைத்த கொண்டைக்கடலைக்கும் இதே கதைதான்: காய்ந்தது 100 கிராமில் 20 என்றால், வெந்தது 100 கிராமில் 9-க்கு மேல் இருக்காது. எப்போதும் ஊறப்போடும் முன் எடை போடுங்கள், குழப்பமே வராது.

இரண்டாவது சாம்பார். அதற்கு 15 கிராம் புரதம் என்று குறித்திருக்கிறீர்கள். வீட்டில் நான்கு பேருக்கு எவ்வளவு துவரம்பருப்பு போடுகிறார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். முக்கால் டம்ளர், ஒரு 100 கிராம் என்று வைத்தால்கூட மொத்தப் புரதம் 22 கிராம். அது நான்கு பேருக்கு, அதுவும் இரண்டு வேளைக்கு. உங்கள் தட்டில் விழுந்த இரண்டு கரண்டியில் 4 கிராம் இருந்தால் அதிகம். அடியில் தங்கிய பருப்பைக் கலக்காமல் மேலாக ஊற்றிக்கொண்டால் அதுவும் இல்லை.

77-இல் நட்ஸ் கொடுத்த 27-ஐக் கழித்துப் பாருங்கள். மிச்சம் 50. உடற்பயிற்சியே செய்யாத சாதாரண ஆளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம், உங்கள் 66 கிலோவுக்கு 55. அதாவது உங்கள் மூன்று வேளைச் சாப்பாடு, காபி, முளைப்பயறு எல்லாம் சேர்ந்தும் அந்த அடிமட்டத்தைத் தொடவில்லை. நாலு இட்லி, ஒரு மலை சாதம், இரண்டு சப்பாத்தி: எல்லாம் தானியம். குறை தட்டில் இருக்கிறது. நீங்கள் அதைத் தட்டுக்கு வெளியே, டப்பாவுக்குள் தேடியிருக்கிறீர்கள்.

எடைப்பயிற்சி செய்து தசை கூட்ட நினைப்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் போதும் என்பதே இன்றைய ஆய்வுகளின் பொதுக்கருத்து. உங்களுக்கு 105 கிராம். அதற்கு மேல் ஏற்றுவதில் பெரிய லாபமில்லை. ஒரே வேளையில் கொட்டாமல் வேளைக்கு 20 முதல் 30 கிராமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சைவத்தில் ஏறுமா?

ஏறும். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் பால்கூடத் தொடாத சைவ இளைஞர்களையும் அசைவ இளைஞர்களையும் 12 வாரம் ஒரே மாதிரி எடைப்பயிற்சி செய்ய வைத்தார்கள். இருவருக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்று சமப்படுத்தி, குறைந்ததைச் சைவர்களுக்குச் சோயா புரதத்தாலும் மற்றவர்களுக்குப் பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தாலும் நிரப்பினார்கள். கால் தசையின் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. 2021-இல் வெளியான ஆய்வு இது. மொத்த அளவு கிடைத்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்பது பெரிய விஷயமில்லை என்பதுதான் இதிலிருந்து நமக்குத் தேவையான செய்தி.

ஆனால் மாஸ்டர் சொல்வதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. பெரும்பாலான தாவரப் புரதங்களில், புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களில் ஏதாவது ஒன்று குறையும். அரிசி, கோதுமையில் லைசின் குறைவு. பயறு, பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். பொங்கலும் அடையும் பருப்பு சாதமும் நம் சமையலில் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டன. ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை, நாளுக்குள் சேர்ந்தால் போதும். பாதாமில் லைசின் குறைவு என்பதையும் இங்கே கவனியுங்கள். ஏற்கெனவே தானியத்தால் நிறைந்த உங்கள் தட்டில் எது குறைவோ, அதையே பாதாமும் குறைவாகத்தான் தருகிறது. தசைக்குச் “சதை கட்டு” என்று சைகை காட்டும் லியூசின் என்ற அமினோ அமிலத்துக்கு மீல்மேக்கர், பயறு, பால் நல்ல வழி.

பவுடர் விஷமுமில்லை, மருந்துமில்லை. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் அளவு புரதம் வரும், வசதி அவ்வளவுதான். கீழே சொல்லும் சாப்பாட்டை 6 வாரம் செய்துபாருங்கள். அப்புறமும் வேலை நேரத்தால் முடியவில்லை என்றால் ஒரு ஸ்கூப் வாங்குவதில் தப்பில்லை. ஜிம்மில் பிரித்து விற்கும் லேபிள் இல்லாத பொட்டலம் மட்டும் வேண்டாம்.

ஒரு நாள் இப்படி இருக்கலாம்

காலையில் இட்லிக்குப் பதில் வாரத்தில் நாலு நாளாவது அடை, அல்லது பாசிப்பயறு தோசை. அடைக்கு உங்கள் பங்குக்கு 60 கிராம் பருப்புக் கலவை, 40 கிராம் அரிசி என்று அரைக்கச் சொல்லுங்கள்; வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். கெட்டியாக இரண்டு அடை வரும். கூட 150 கிராம் தயிர். 21 கிராம் புரதம் ஆயிற்று.

மதியம் சாதத்தை ஒரு கப்பாக, சுமார் 200 கிராமாகக் குறையுங்கள். சாம்பார் இருக்கட்டும், அதோடு 40 கிராம் பருப்பில் கெட்டிக் கூட்டோ கடைந்த பருப்போ தனியாக வேண்டும். கொங்கு வீடுகளில் கொள்ளுப்பருப்பும் தட்டைப்பயறு கடைசலும் அந்நியமில்லையே! கூடவே ஒரு கிண்ணம் சுண்டல், காய்ந்த எடையில் 65 கிராம் கொண்டைக்கடலை. தயிரோடு சேர்த்து 32 கிராம்.

ஜிம் முடிந்ததும் 50 கிராம் பொட்டுக்கடலை, 30 கிராம் வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால். 25 கிராம். பொட்டுக்கடலையை டிராயரில் வைத்துக்கொள்ளலாம், வேகவைக்க வேண்டாம், விலையும் பாதாமில் ஒரு சின்னப் பங்கு. இவ்வளவு சுலபமான பொருளை ஜிம் உலகம் ஏன் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். சட்னிக்கு மட்டும் என்று நினைத்துவிட்டோம் போல.

இரவு இரண்டு சப்பாத்தி, 40 கிராம் மீல்மேக்கர் போட்ட குருமா. 27 கிராம். மீல்மேக்கர் வேண்டாத நாளில் 100 கிராம் பன்னீர். புரதம் ஏறத்தாழ அதே அளவுக்கு வரும், கொழுப்பும் கலோரியும் கூடும்.

கூட்டினால் 105. கலோரி 2,300-இலிருந்து 2,400-க்குள் அடங்கும். பீநட் பட்டரும் முந்திரியும் இதில் இல்லை. பாதாம் பிடிக்கும் என்றால் 10 வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்க்கடலையைப் பற்றி ஒரு வார்த்தை. நட்ஸ் என்று கூப்பிட்டாலும் செடியின் குலத்தில் அது பயறு வகை. புரதம் 100 கிராமுக்கு 24-25 என்று பாதாமைவிட அதிகம். எண்ணெயும் இருப்பதால்தான் 30 கிராமோடு நிறுத்துகிறேன். சுருங்கியது, கறுத்தது, கசப்பது, பூஞ்சை வாடை அடிப்பது எதையும் “வீணாகிறதே” என்று வாயில் போடாதீர்கள். ஈரத்தில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அந்த ராஜ்மா இரவு

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அதை “கடைச் சட்னியால் வந்த ஃபுட் பாய்சன்” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் சட்னி குற்றவாளி இல்லை. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று மிக அதிகம். நாலைந்து விதையே வாந்தி, வயிற்றுப்போக்கைக் கிளப்பிவிடும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் அது போகாது, கொதிதான் அதை அழிக்கும். 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதித்தே ஆக வேண்டும். குக்கரில் வேகவைத்தால் கவலையில்லை. கொதிக்காமல் இளஞ்சூட்டிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள்; அரைவேக்காடு பச்சையைவிட மோசமாகலாம்.

கொண்டைக்கடலை, பாசிப்பயறு அந்த அளவுக்குத் தொல்லை தராது. ஆனாலும் ஊறவைத்த கடலையைப் பச்சையாக மெல்லும் ஜிம் பழக்கத்தில் லாபமில்லை: புரதம் செரிக்க உதவும் நொதியைத் தடுக்கும் பொருள்கள் பச்சைப் பயறில் இருக்கின்றன, வெந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வெதுவெதுப்பான ஈரத்தில் முளை மட்டுமல்ல, கிருமியும் நன்றாக வளரும். முளைப்பயறை 5 நிமிடம் ஆவியில் காட்டி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். அந்த எலுமிச்சை பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும். சாப்பிட்ட உடனே குடிக்கும் காபி அதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

கடலை எத்தனை விசில் விட்டாலும் வேகமாட்டேன் என்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஊர் போர் தண்ணீரை நினைத்தால் ஆச்சரியமில்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் கடலையின் தோலை இறுக்கிவிடும். ஊறவும் வேகவும் குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். புளி, தக்காளியை வெந்த பிறகே சேருங்கள், புளிப்பும் இறுக்கும். பழைய கடலை என்றால் எதுவும் உதவாது, கடையை மாற்றுங்கள். ஆப்பசோடா போட்டால் சீக்கிரம் குழையும்தான். ஆனால் பி1 வைட்டமினைத் தின்றுவிடும். பதம் தெரிய ஒரு கடலையை இரு விரலால் நசுக்குங்கள். நடுவில் நறுக்கென்று எதுவும் தட்டாமல் விழுதாக வழிய வேண்டும்.

வாயுத் தொல்லைக்குக் காரணம் பயறில் உள்ள சிலவகைச் சர்க்கரைகள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகள் நொதிக்க வைக்கின்றன. ஊறிய தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும். அதைவிட முக்கியம், மேலே சொன்ன பட்டியலை நாளைக் காலையே முழுதாகத் தொடங்காதீர்கள். முதல் வாரம் இரவு மீல்மேக்கரும் மாலைப் பொட்டுக்கடலையும் மட்டும். இரண்டாம் வாரம் அடை. மூன்றாம் வாரம் சுண்டல், அரைக் கிண்ணத்திலிருந்து. குடல் பழகிக்கொள்ளும்.

மீல்மேக்கர் பயம்

நண்பருக்கு இந்தப் பயம் வரக் காரணம் சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன். பெண் ஹார்மோன் போன்ற உருவம் அதற்கு இருப்பதால் வந்த பேர் இது. வேலை அப்படியே அல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சோயா சாப்பிட்ட ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனோ ஈஸ்ட்ரோஜனோ மாறவில்லை. சோயாவை மிதமிஞ்சிக் குடித்துத் தின்ற ஓரிருவரின் கதைகள்தான் ஊர் சுற்றுகின்றன. காய்ந்த எடையில் 30-லிருந்து 50 கிராம் வரை கவலையின்றிச் சாப்பிடுங்கள். கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்துவிட்டால் அந்தப் பச்சை வாடையும் போகும். தைராய்டு மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால் மட்டும், மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டும்.

அம்மாவின் கேள்வி

அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்தை 105 கிராம் புரதம் கெடுப்பதில்லை. ஆனால் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்குப் புரதம் சுமைதான். அப்பாவுக்கு அளவைச் சொல்ல வேண்டியவர் அவருடைய மருத்துவர். நீங்கள் செய்யும் சுண்டலும் மீல்மேக்கரும் அவர் தட்டுக்கு அதே அளவில் போகக் கூடாது. பயறில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு என்பதால் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு, தொடங்கும் முன் ஒருமுறை வெறும் வயிற்றில் சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் மூன்றையும் பாருங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இது எப்படியும் செய்ய வேண்டியது. ஒரு எச்சரிக்கை: கடும் பயிற்சி செய்த மறுநாள் எடுத்தால் கிரியேட்டினின் சற்றுக் கூடித் தெரியலாம், இரண்டு நாள் ஜிம்முக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போங்கள். கிரியேட்டின் பொடி எடுத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாம் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், அதில் ஆக்ஸலேட் அதிகம். உங்களுக்கு இதுவரை கல் இல்லை என்பதால் நன்றாகத் தண்ணீர் குடித்தால் போதும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று மாதமாக அதே 10 கிலோ டம்பெல்லையே தூக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 12 முறை தூக்குவது சுலபமானதும் எடையைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் தசைக்கு வளரக் காரணமே இல்லை, எவ்வளவு புரதம் போட்டாலும் சரி. மாஸ்டர் பவுடரைப் பற்றிப் பேசும் நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், சாப்பிடும் முன் தொப்புள் மட்டத்தில் இடுப்பளவும் புஜத்தளவும் எடுத்துக் குறித்து வாருங்கள். 6 வாரத்தில் டம்பெல்லின் எடை ஏறி, இடுப்பு நின்றுவிட்டால் இதே அளவில் தொடருங்கள். இடுப்பு மேலும் கூடினால், முதலில் குறைக்க வேண்டியது வேர்க்கடலையும் தாளிக்கும் எண்ணெயும், அடுத்தது சாதம். சுண்டலில் கைவைக்க வேண்டாம்.